பீக் நகர்ந்தால் படிகம் விரிந்ததாகிவிடுமா?

அலுமினியப் பொடியை எக்ஸ்ரே டிஃப்ராக்டோமீட்டரில் (படிகத்தில் பட்டு எக்ஸ்ரே எந்தக் கோணங்களில் வலுவாகத் திரும்புகிறது என்று பதிவுசெய்யும் கருவி) வைத்து, அறை வெப்பநிலையிலிருந்து 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பை இலக்காகக் கொண்ட எக்ஸ்ரே குழாயிலிருந்து வரும் கதிர்தான், அதன் முக்கிய அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். 38.5 டிகிரிக் கோணத்தை ஒட்டி நிற்கும் முதல் பீக், அதாவது கதிர் வலுவாகத் திரும்பும் இடத்தில் வரைபடத்தில் எழும் முகடு, இடப்பக்கமாக ஏறத்தாழ 0.09 டிகிரி நகரும். திரையில் அது ஒரு மயிரிழை. வெப்பத்தால் படிகம் எப்படி விரிகிறது, எந்தப் பக்கம் விரிகிறது, உள்ளே ஏதாவது காலியாகிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த மயிரிழையிலிருந்துதான் பதில் எடுக்க வேண்டும்.

பல வருடங்களாக இந்த அளவீட்டோடு புழங்குகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வெப்ப விரிவுக் கெழு என்றால் ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பாடப்புத்தக அட்டவணைகள் நம்மைப் பழக்கிவிட்டன. அலுமினியம் 23, செம்பு 17, வைரம் 1. ஒரு கெல்வினுக்குப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று பொருள். எக்ஸ்ரேயில் அளக்க உட்கார்ந்தால் அந்த ஒற்றை எண் கைக்குள் நிற்பதில்லை. திசைக்கு ஒன்று, வெப்பநிலைக்கு ஒன்று, படிகத்துக்கு ஒன்று, அந்தப் படிகங்களால் ஆன கட்டிக்கு வேறொன்று என்று பிரிந்துகொண்டே போகிறது. அப்படிப் பிரித்துக் காட்டுவதுதான் இந்த முறையின் பெருமை என்பது என் கட்சி.

அடிப்படை எளிது. படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்கான தளங்களாக நிற்கின்றன. அடுத்தடுத்த தளங்களில் பட்டுத் திரும்பும் எக்ஸ்ரே அலைகள் ஒன்றோடொன்று இசையும் கோணத்தில் மட்டும் பீக் எழும். அந்தக் கோணத்தையும் தளங்களின் இடைவெளியையும் இணைப்பது பிராக் விதி. ஜெர்மன் இயற்பியலாளர் லாவேயின் குழு 1912-இல் படிகத்தின் வழியாக எக்ஸ்ரேயைச் செலுத்திப் புள்ளிகளைப் பார்த்தது. அதே ஆண்டு முடிவதற்குள் லாரன்ஸ் பிராக் இந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டார். இடைவெளி கூடினால் கோணம் குறையும். அதனால்தான் சூடேறும்போது பீக் இடப்பக்கம் போகிறது.

ஆனால் எல்லா பீக்கும் ஒரே அளவு நகர்வதில்லை. பிராக் விதியை வகையிட்டுப் பார்த்தால், கோணம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு அதிகமாக நகரும் என்று தெரியும். அதே அலுமினியத்தில் 137.5 டிகிரியில் இன்னொரு பீக் இருக்கிறது. அதே 100 டிகிரிச் சூட்டுக்கு அது 0.68 டிகிரி நகரும், அதாவது முதல் பீக்கைப் போல ஏழு மடங்கு. இரண்டுக்கும் காரணம் ஒரே விரிவுதான், 0.23 சதவீதம். இது தெரிந்தும் பலர் 80 டிகிரிக் கோணத்தோடு ஸ்கேனை நிறுத்திவிடுகிறார்கள். பெரிய கோணத்தில் பீக் குட்டையாக இருக்கும், நேரம் பிடிக்கும், குழாயிலிருந்து வரும் இரண்டு அலைநீளங்களும் தனித்தனியாகப் பிரிந்து பீக்கை இரட்டையாக்கும். அத்தனையும் உண்மைதான். ஆனாலும் உண்மையான தகவல் அங்கேதான் குவிந்திருக்கிறது. நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

படிகம் ஏன் விரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூடேறினால் அணுக்கள் அதிகமாக அதிரும், அதனால் அதிக இடம் பிடிக்கும் என்று சொல்வது வழக்கம். அது பாதிதான் சரி. அதிர்வு இரண்டு பக்கமும் சமச்சீராக இருந்தால், எவ்வளவு வேகமாக அதிர்ந்தாலும் அணுவின் சராசரி இடம் மாறாது, படிகமும் விரியாது. உண்மையில் அது சமச்சீராக இல்லை. இரண்டு அணுக்களை நெருக்குவது கடினம், விலக்குவது அதைவிடச் சுலபம். அதிர்வு கூடக்கூட சராசரி இடைவெளி விலகும் பக்கமாகச் சாய்கிறது. ஆக, வெப்ப விரிவு என்பது அணுக்களுக்கு இடையிலான விசையில் இருக்கும் கோணலின் அளவு. வெறும் அதிர்வும் ஸ்கேனில் தனியாகத் தெரியும்: சூடேற ஏற பீக்குகளின் உயரம் குறையும், பெரிய கோணத்தில் இருப்பவை இன்னும் வேகமாகக் குறையும். இடம் நகர்வது விரிவைச் சொல்கிறது, உயரம் குறைவது அதிர்வைச் சொல்கிறது. ஒரே ஸ்கேனில் இரண்டும் கிடைக்கின்றன.

சரி, இப்போது தொல்லைக்கு வருவோம். பீக் நகர்ந்தது என்பது கண்முன் இருக்கும் உண்மை. படிகம் விரிந்ததால்தான் நகர்ந்தது என்பது நாம் எடுக்கும் முடிவு. இரண்டுக்கும் நடுவில் நிறைய இருக்கிறது.

முதலில் சாம்பிளின் உயரம். வழக்கமான பொடி டிஃப்ராக்டோமீட்டரில், சாம்பிளின் மேற்பரப்பு கருவியின் மைய அச்சில் துல்லியமாக உட்கார்ந்திருக்க வேண்டும். சூடேற்றும்போது சாம்பிள் மட்டுமா சூடாகிறது? அதைத் தாங்கும் தண்டும் சூடாகி நீள்கிறது. சாம்பிள் மேலே ஏறுகிறது. ஏறினால் பீக்குகள் வலப்பக்கம் நகரும், அதாவது உண்மையான விரிவுக்கு நேர் எதிர்த் திசையில்.

கணக்குப் போட்டால் இதன் தீவிரம் புரியும். கருவியின் ஆரம் 240 மில்லிமீட்டர், சாம்பிள் ஏறியது 0.05 மில்லிமீட்டர். அலுமினியத்தின் முதல் பீக் இதனால் மட்டும் 0.022 டிகிரி வலப்பக்கம் போகும். விரிவால் இடப்பக்கம் போக வேண்டியது 0.092. திரையில் தெரிவது 0.07. அதை அப்படியே நம்பிக் கணக்கிட்டால் 23 வர வேண்டிய இடத்தில் 17 வரும், கிட்டத்தட்ட செம்பின் எண். சிலிக்கனில் நிலைமை இன்னும் மோசம். அது விரிவதே மிகக் குறைவு. அறை வெப்பநிலையை ஒட்டி 2.6 தான், சூடேற ஏறக் கொஞ்சம் கூடும். 100 டிகிரிக்கு அதன் முதல் பீக் 0.01 டிகிரிகூட இடப்பக்கம் நகராது. தண்டின் நீட்சி அதை 0.023 டிகிரி வலப்பக்கம் தள்ளும். பார்க்கிறவருக்கு சிலிக்கன் சூட்டில் சுருங்குவதாகவே தெரியும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. அதிக வெப்பத்தில் பொடித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும்போது, பொடிப் படுகை கீழே அமிழும். அப்போது பீக்குகள் இடப்பக்கம் நகரும். அது விரிவைப் போலவே தெரியும், அதனால்தான் அதிக ஆபத்து. எதிர்பார்த்த திசையில் வரும் பிழையை யாரும் சந்தேகிப்பதில்லை.

தப்பிக்க வழிகள் இருக்கின்றன. உயரப் பிழையின் விளைவு கோணம் பெரிதாகும்போது தேய்கிறது. 137.5 டிகிரி பீக்கில் அதே 0.05 மில்லிமீட்டர் தரும் நகர்வு 0.009 டிகிரிக்கும் குறைவு. உண்மையான 0.68-க்குப் பக்கத்தில் அது தூசு. ஆகவே ஒவ்வொரு பீக்கிலிருந்தும் தனித்தனியாக அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய பெட்டி) நீளத்தைக் கணக்கிட்டு, கோணத்தின் ஒரு சார்புக்கு எதிராக வரைந்து, பிழை பூஜ்யமாகும் எல்லைவரை நீட்டிப் படிக்கலாம். நெல்சனும் ரைலியும் 1945-இல் தந்த சார்பு இதற்குப் பெயர்போனது. இன்றைக்கு முழு ஸ்கேனையும் ஒன்றாகப் பொருத்தும் ரீட்வெல்ட் முறையில் உயரப் பிழையும் ஒரு மாறியாக உள்ளே போய்விடுகிறது. பெரிய கோணத்து பீக்குகள் இல்லாமல் அந்த மாறியைப் பொருத்தத்தில் தானாக மாறவிட்டால் மட்டும் கவனம் தேவை. உயரமும் அலகுக்கூட்டு நீளமும் ஒன்றின் வேலையை ஒன்று எடுத்துக்கொள்ளும். பொருத்தம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது, விரிவு நன்றாகத் தெரிந்த ஒரு பொடியைச் சாம்பிளோடு கலந்துவிடுவது. சிலிக்கன், அலுமினா, மெக்னீசியம் ஆக்சைடு ஆகியவை இதற்கு வழக்கமாகப் பயன்படுபவை. சாம்பிள் ஏறினாலும் இறங்கினாலும் கலந்த பொடியும் கூடவே ஏறி இறங்கும். அதன் பீக் எங்கே நிற்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். வித்தியாசத்தைக் கழித்தால் போதும். ஒரே நிபந்தனை, அந்த வெப்பநிலையில் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரியக் கூடாது. சிலிக்கன் பல ஆக்சைடுகளோடு உயர் வெப்பத்தில் ஒத்துப்போகாது. பிளாட்டினப் பட்டையின் மேல் சாம்பிளைப் பரப்பிச் சூடேற்றுகிறவர்கள் பிளாட்டினத்தின் பீக்கையே அளவுகோலாக எடுப்பதுண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இரண்டு முனையிலும் பிடிக்கப்பட்ட பட்டை அது, சூட்டில் இழுபட்டும் வளைந்தும் நிற்கும்.

அப்புறம், வெப்பநிலை. இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே வரிதான் இருக்கும்: வெப்பநிலை தெர்மோகப்பிள் மூலம் அளக்கப்பட்டது. எங்கே அளக்கப்பட்டது? தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரி பெரும்பாலும் சூடேற்றிக்குக் கீழே பற்றவைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ரே பார்ப்பதோ பொடியின் மேல்தோலை. நடுவில் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாத பொடிப் படுகை. கீழே மட்டும் சூடேற்றும் அமைப்பில், 1000 டிகிரியை எட்டும்போது இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே பல பத்து டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். பீக்கின் இடத்தை ஆயிரத்தில் ஒரு டிகிரிவரை துல்லியமாக எடுத்துவிட்டு, வெப்பநிலையில் 30 டிகிரியைக் கோட்டைவிட்டால் என்ன பயன்?

இங்கேயும் கலந்த பொடி கைகொடுக்கும். மெக்னீசியம் ஆக்சைடு 1000 டிகிரியை ஒட்டி ஒரு கெல்வினுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 15 பங்கு விரிகிறது. 10 டிகிரி மாறினால் அதன் 127 டிகிரி பீக் 0.03 டிகிரிக்கு மேல் நகரும், அது நன்றாகவே அளக்கக்கூடிய நகர்வு. அந்தப் பொடி எக்ஸ்ரே படும் அதே இடத்தில், அதே ஆழத்தில் இருக்கிறது. அதைவிட நல்ல வெப்பமானியை அந்த இடத்தில் வேறு எப்படி வைப்பது? குவார்ட்ஸ் 573 டிகிரியில் அமைப்பு மாறுவதையும் ஒரு மைல்கல்லாகப் பயன்படுத்தலாம்.

இத்தனை சிரமப்பட்டு எக்ஸ்ரேயில் அளப்பானேன், ஒரு துண்டை டைலடோமீட்டரில் வைத்துச் சூடேற்றி நீளத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கால்சைட் என்ற கனிமத்தைக் காட்டுவேன். சூடேற்றினால் அது தன் முக்கிய அச்சின் திசையில் 25-ஐ ஒட்டிய கெழுவோடு விரிகிறது. அதற்குச் செங்குத்தான திசைகளில் சுருங்குகிறது, கெழு ஏறத்தாழ மைனஸ் 5, 6. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1820-களில், ஜெர்மன் வேதியியலாளர் மிட்ஷெர்லிக் இதைக் கவனித்துவிட்டார். கால்சைட் படிகத்தின் முகங்களுக்கு இடையிலான கோணம் சூட்டில் மாறுவதை அளந்து, எல்லாத் திசையிலும் ஒன்றுபோல விரிந்தால் கோணம் மாறாதே என்று அவர் கண்டுகொண்டார். எண்ணற்ற சிறு படிகங்கள் எல்லாத் திசையிலும் கலைந்து கிடக்கும் ஒரு கால்சைட் துண்டின் நீளத்தை அளந்தால், 5-ஐ ஒட்டி ஒரு சாதுவான எண் கிடைக்கும். உள்ளே விரிவும் சுருக்கமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

எக்ஸ்ரேயில் அது பார்த்தவுடன் தெரியும். சில பீக்குகள் இடப்பக்கம் போக, சில வலப்பக்கம் வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. கனசதுரப் படிகத்தில் எல்லாம் ஒரே பக்கம் போகும், ஒரே எண் போதும். சமச்சீர் குறையக் குறைய எண்கள் கூடும். மோனோகிளினிக் படிகத்தில் (அலகுக்கூட்டின் ஒரு கோணம் செங்கோணமாக இல்லாத வகை) அந்தக் கோணமும் மாறும். அதிகமாக விரியும் திசை அலகுக்கூட்டின் எந்த விளிம்போடும் ஒட்டாமல் நடுவில் எங்கோ சாய்ந்து நிற்கலாம். மூன்று விளிம்புகளின் கெழுவை மட்டும் எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறவர்கள் அந்தத் திசையைப் பார்ப்பதே இல்லை. மூன்று விளிம்புகள், ஒரு கோணம் என நான்கு எண்களையும் டென்சராக (எல்லாத் திசை விரிவையும் சேர்த்துச் சொல்லும் எண் தொகுப்பு) எடுத்து, விரிவு மிக அதிகமாகவும் மிகக் குறைவாகவும் இருக்கும் முதன்மை அச்சுகளைக் கண்டுபிடித்தால்தான் அளவீடு முழுமையாகும்.

படிகம் வேறு, கட்டி வேறு என்று சொன்னேனல்லவா, அதற்கு அலுமினியம் டைட்டனேட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் அளந்தால் ஒரு திசையில் ஏறத்தாழ 20, இன்னொன்றில் 10-ஐ ஒட்டி, மூன்றாவதில் சுமார் 3 அளவுக்குச் சுருக்கம். சராசரி 9-ஐ ஒட்டி வர வேண்டும். அதே பொருளால் செய்த செராமிக் துண்டை டைலடோமீட்டரில் வைத்தால் 1, 2 என்று ஏதோ வரும், சில வெப்பநிலைகளில் பூஜ்யம்கூட வரும். இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை. சுட்டு எடுத்த துண்டு குளிரும்போது, பக்கத்துப் பக்கத்துப் படிகங்கள் ஆளுக்கொரு திசையில் சுருங்குகின்றன. அந்த இழுவையைத் தாங்காமல் துண்டு முழுக்க நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. மறுபடி சூடேற்றினால் படிகங்கள் அந்த விரிசல்களுக்குள் விரிகின்றன, வெளியே நீளம் கூடுவதில்லை. திடீர்ச் சூட்டை இந்தப் பொருள் அசராமல் தாங்குவதும் இதனால்தான், வலுவில் அது பலவீனமாக இருப்பதும் இதனால்தான். உருகிய அலுமினியத்தில் அமிழும் குழாயை வடிவமைக்கிறவருக்கு டைலடோமீட்டரின் எண் வேண்டும். அது ஏன் அப்படி இருக்கிறது, படிகத் துகளைச் சிறிதாக்கினால் என்ன ஆகும் என்று கேட்கிறவருக்கு எக்ஸ்ரேயின் எண் வேண்டும்.

இந்த வித்தியாசத்தை வைத்தே ஓர் அருமையான சோதனை நடந்திருக்கிறது. 1960-இல் சிம்மன்ஸும் பலுஃபியும் ஓர் அலுமினியக் கம்பியின் நீளத்தையும் அதனுள் இருக்கும் அணுத் தளங்களின் இடைவெளியையும் ஒரே சமயத்தில், உருகுநிலைக்குப் பக்கம்வரை அளந்தார்கள். விரிசல் ஏதும் இல்லாத சுத்தமான உலோகம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்றுதான் தோன்றும். குறைந்த வெப்பநிலையில் ஒத்துப்போயின. மேலே போகப் போக நீளம் கொஞ்சம் கொஞ்சமாக முந்தியது. 660 டிகிரி உருகுநிலையில் அந்த வித்தியாசம் 0.03 சதவீதம். கம்பி, தன்னுள் இருக்கும் படிக அமைப்பைவிடக் கூடுதலாக நீண்டிருந்தது.

அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? சூட்டில் சில அணுக்கள் தங்கள் இடத்தைவிட்டு வெளியேறி மேற்பரப்பில் போய் உட்காருகின்றன, உள்ளே காலியிடம் விழுகிறது. வெளியேறிய அணு கம்பியில் புது இடம் ஒன்றைச் சேர்க்கிறது, கம்பி அதனால் நீள்கிறது. எக்ஸ்ரே பார்ப்பது தளங்களின் இடைவெளியை மட்டும், தளங்களின் எண்ணிக்கையை அல்ல. ஆகவே நீளத்தின் விரிவிலிருந்து இடைவெளியின் விரிவைக் கழித்து, கன அளவுக்கு மாற்ற மூன்றால் பெருக்கினால், காலியிடங்களின் விகிதமே கையில் வந்துவிடும். அலுமினியம் உருகும் தறுவாயில் பத்தாயிரம் இடங்களுக்கு ஏறத்தாழ 9 காலி. அணுக்களை எண்ணாமல், ஒரு காலியிடத்தையும் நேரில் பார்க்காமல், இரண்டு விரிவுகளின் வித்தியாசத்திலிருந்து மட்டுமே கிடைத்த எண் அது. அளவீட்டு இயற்பியலில் இதைவிட அழகான ஒரு கழித்தல் கணக்கை நான் பார்த்ததில்லை.

கெழு வெப்பநிலையோடு மாறும் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனிப்பூஜ்யத்தை நெருங்கும்போது எந்தப் பொருளுக்கும் அது பூஜ்யத்துக்குப் போகும். சிலிக்கனுக்கு 120 கெல்வினுக்குக் கீழே குறி மாறி, 18 கெல்வின் அளவுவரை அது சுருக்கமாகவே இருக்கிறது. ஆகவே புள்ளிகளின் நடுவே ஸ்கேலை வைத்து நேர்க்கோடு இழுக்காதீர்கள். நேர்க்கோடு பொருந்துவதுபோல் தெரிந்தாலும், எச்சங்களை, அதாவது புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை, வரைந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவு அங்கே தெரியும்.

முழுக்கவே எதிர்ப்பக்கம் போகிறவையும் உண்டு. சிர்கோனியம் டங்ஸ்டேட்டைப் பற்றி 1996-இல் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஸ்லைட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 0.3 கெல்வினிலிருந்து 1050 கெல்வின்வரை அது சுருங்கிக்கொண்டே போனது. அறை வெப்பநிலையை ஒட்டிக் கெழு மைனஸ் 9. கனசதுரப் படிகம் என்பதால் எல்லாத் திசையிலும் ஒரே சுருக்கம், எல்லா பீக்குகளும் வலப்பக்கம் நகரும். இரண்டு உலோக அணுக்களை இணைக்கும் ஆக்சிஜன் அணு குறுக்குவாட்டில் அதிரும்போது, இருவர் பிடித்துச் சுழற்றும் கயிறு அவர்கள் கைகளை உள்ளே இழுப்பதைப்போல, இரு முனைகளும் நெருங்குகின்றன. இந்தப் படிகத்தில் 430 கெல்வின் அளவில் அமைப்பு மாறி, அதன் பிறகு சுருக்கத்தின் வேகம் குறைகிறது. அந்தத் திருப்பத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே கோடு இழுத்தால் வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

சூடேற்றும்போது மட்டும் அளந்துவிட்டு ஃபர்னஸை அணைப்பதும் பரவலாக இருக்கிறது. குளிரும்போதும் அளக்க வேண்டும். திரும்பி அறை வெப்பநிலைக்கு வந்ததும் அலகுக்கூட்டின் நீளம் பழைய இடத்துக்கே வந்தால் நிம்மதி. வராவிட்டால், நீர் வெளியேறியிருக்கலாம், ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அரைக்கும்போது பொடிக்குள் தேங்கிய இறுக்கம் தளர்ந்திருக்கலாம். சீரியம் ஆக்சைடு போன்றவை ஆக்சிஜன் குறைந்த சூழலில் சூடேற்றப்பட்டால் வெப்பத்தால் விரிவதற்கு மேல், ஆக்சிஜனை இழந்தும் விரியும். இரண்டையும் ஒரே கெழுவில் போட்டுக் குழப்பக் கூடாது.

இதையெல்லாம் அளக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கெழுவை மட்டும் வெளியிடாதீர்கள். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அலகுக்கூட்டின் நீளங்கள், கோணங்கள், அவற்றின் பிழை வரம்பு, எந்தப் பொடியை வைத்து அளவு சரிபார்க்கப்பட்டது, சூடேறும்போதா குளிரும்போதா என்பதையெல்லாம் அட்டவணையாகப் போடுங்கள். அது இருந்தால் யாரும் தமக்கு வேண்டிய வரம்பில், வேண்டிய திசையில் கெழுவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வெறும் கெழுவிலிருந்து அந்த அட்டவணையைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது.